உதவிப் பணமும் மறுத்துப் பேசும் உரிமையும்: கனடா, நெதர்லாந்து

அரசிடம் பணம் வாங்கும் தொண்டு நிறுவனம் அந்த அரசின் கொள்கையை எதிர்த்துப் பேசலாமா? அயல்நாட்டு உதவித் துறையில் அரசும் அரசுசாரா அமைப்புகளும் தம்மைப் பங்காளிகள் என்றே சொல்லிக்கொள்கின்றன. அந்தப் பங்காளித்தனம் எவ்வளவு உறுதியானது என்பது இந்தக் கேள்வி எழும்போதுதான் தெரியும். கனடாவும் நெதர்லாந்தும் 1960களில் இந்த உறவைத் தொடங்கின. ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில், இஸ்ரேல்–பாலஸ்தீன விவகாரத்தை ஒட்டியே, இரண்டுக்கும் சோதனை வந்தது. இரண்டும் வெவ்வேறு விதமாக முடிந்தன.

நெதர்லாந்து தொடங்கியது 1965இல். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்கள், மதம் சாராதோர் என அந்தச் சமூகம் அப்போது தனித்தனியாக வாழ்ந்தது. பள்ளி, செய்தித்தாள், தொழிற்சங்கம் எல்லாம் பிரிவுக்கு ஒன்று. உதவிப் பணமும் அந்த வழியிலேயே போனது. கத்தோலிக்கர் தரப்பில் செபெமோ, புராட்டஸ்டன்ட் தரப்பில் இக்கோ, இரண்டிலும் சேராத நோவிப்; மனிதநேயர்களின் ஹிவோஸ் பிறகு சேர்ந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1980இலிருந்து அரசு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட, எந்த நாட்டில் எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பதை இந்த நிறுவனங்களே முடிவு செய்தன.

கனடாவில் 1968இல் சிடா என்னும் பன்னாட்டு வளர்ச்சி முகமை உருவானது. அமைப்புகள் மக்களிடம் திரட்டும் பணத்துக்கு ஈடாக அரசும் தன் பங்கைப் போட்டது. எங்கே, என்ன வேலை என்பதை அமைப்பு சொல்லும். சிடா அதைப் பரிசீலித்துப் பணம் தரும். இது நல்ல முறை என்றே நினைக்கிறேன். குடிமக்கள் முதலில் தங்கள் கையிலிருந்து கொடுத்த பிறகுதான் அரசு வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும் அமைப்பு மறுபடி அமைச்சரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

கனடாவின் திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் கைரோஸ் அமைப்பும், அதற்கு முன்னோடியாக இருந்த கூட்டமைப்புகளும் சிடாவுடன் 35 ஆண்டுகள் இணைந்து வேலை செய்தவை. கொலம்பியா, காங்கோ போன்ற நாடுகளின் மனித உரிமை அமைப்புகளுக்கு கைரோஸ் வழியாகப் பணம் போனது. நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் கேட்டு கைரோஸ் விண்ணப்பித்திருந்தது. 2009 நவம்பர் 30 அன்று தொலைபேசியில் மறுப்பு வந்தது. சிடாவின் முன்னுரிமைகளோடு திட்டம் பொருந்தவில்லை என்றார்கள். அடுத்த மாதமே ஜெருசலேமில் பேசிய அமைச்சர் ஜேசன் கென்னி, இஸ்ரேலுக்கு எதிரான புறக்கணிப்பு இயக்கத்தில் கைரோஸுக்கு இருந்த பங்கோடு இந்த மறுப்பைச் சேர்த்துச் சொன்னார். கைரோஸ் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

உண்மையில் சிடாவின் தலைவர் மார்கரெட் பிக்ஸ் உள்ளிட்ட அதிகாரிகள் நிதி வழங்கவே பரிந்துரைத்திருந்தார்கள். அவர்கள் கையெழுத்திட்ட அந்தக் குறிப்பில், பரிந்துரையை மறுப்பாக மாற்றும் ஒரு சொல் கையால் செருகப்பட்டிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழி அந்தத் தாள் வெளியே வந்தது. அதை எழுதியது யார் என்று தெரியாது என 2010 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன, சிடாவுக்குப் பொறுப்பான அமைச்சர் பெவ் ஓடா, 2011 பிப்ரவரியில் தன் உத்தரவின் பேரில்தான் அது செருகப்பட்டது என்று அவையில் ஒப்புக்கொண்டார். மேலோட்டமாகப் பார்க்கையில் நாடாளுமன்ற உரிமை மீறலுக்கு முகாந்திரம் இருக்கிறது என்று மார்ச்சில் அவைத்தலைவர் பீட்டர் மில்லிக்கன் தீர்ப்பளித்தார்.

அதே குளிர்காலத்தில் ஹேக் நகரில் இன்னொரு தகராறு. பாலஸ்தீனம் பற்றி எழுதும் ‘எலக்ட்ரானிக் இன்டிஃபாடா’ இணையதளத்துக்கு இக்கோ உதவுகிறது என்ற செய்தி கிளம்பியது. 2011 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் உரி ரோசன்தால் இக்கோவை அழைத்துப் பேசினார். அரசின் கொள்கைக்கு நேர் எதிரான வேலைகளைத் தொடர்ந்தால் மானியம் பாதிக்கப்படலாம் என்பதுதான் எச்சரிக்கை. இக்கோ பணியவில்லை. தன் பங்காளிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தது. இக்கோ கூட்டணியின் மானியம் 2015 வரை தொடர்ந்தது.

டச்சு அமைச்சர் பெருந்தன்மையானவர், கனடிய அமைச்சர் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. இருவருக்கும் எரிச்சல் ஒன்றுதான். 2011–2015க்கான டச்சு மானியங்கள், அறிவிக்கப்பட்ட அளவுகோல்களின்படி 2010ஆம் ஆண்டிலேயே முடிவாகிவிட்டன. அதை உடைக்க அமைச்சர் காரணம் காட்ட வேண்டும். காட்டினால் வழக்கு வரும். கைரோஸுக்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. முந்தைய உறவு எத்தனை ஆண்டு நீண்டிருந்தாலும் புதிய விண்ணப்பம் அமைச்சரின் மேசையில் வெறும் தாள்தான். பங்காளித்தனம் என்பதை ஒப்பந்தமாக எழுதி வைக்காத இடத்தில், அது வெறும் நல்லெண்ணம். நல்லெண்ணத்தை நம்பி எந்த அமைப்பும் வாய் திறக்காது.

கனடாவில் நடந்ததும் அதுதான். 2010இல் அரசுசாரா அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்புக்கே நிதி நின்று, அதன் பணியாளர்களில் பெரும்பகுதியினர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டில் சிடா தன் பழைய முறையைக் கைவிட்டு, தான் அழைக்கும்போது மட்டும் விண்ணப்பிக்கும் போட்டி முறைக்கு மாறியது. 2013இல் சிடாவே வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டது.

நெதர்லாந்து எதிர்த்திசையில் போனது. அமைச்சர் லிலியான் ப்ளூமன் 2016–2020க்குக் கொண்டுவந்த திட்டத்துக்கு ‘உரையாடலும் எதிர்ப்பும்’ என்றே பெயர். 25 கூட்டணிகள், ஏறத்தாழ 92.5 கோடி யூரோ. பள்ளி கட்டவோ கிணறு வெட்டவோ அல்ல. அரசுகளையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் பரப்புரை வேலைக்காக. தன்னையும் விமர்சிக்கலாம் என்று ஓர் அரசு எழுத்தில் ஏற்றுப் பணம் கொடுத்த அபூர்வ முயற்சி இது. கணக்கும் அறிக்கையும் எழுதியே பணியாளர்கள் களைத்தார்கள் என்ற குறை உண்டு. அது நியாயமான குறைதான்.

ஆனால் ஒப்பந்தத்தின் காவல் அதன் கடைசித் தேதி வரைதான். 2024 நவம்பரில் அமைச்சர் ரைனெட் கிளெவர், 2026 முதலான மானியத்தில் சுமார் நூறு கோடி யூரோவைக் குறைப்பதாக நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அமைப்புகள் அரசை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கின்றன என்பது அவர் வாதம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. என்றாலும் அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது, காரணத்தோடு வந்தது, ஓராண்டுக்கு மேல் அவகாசமும் தந்தது. அந்தக் காரணத்தை எடுத்து வைத்து உறுப்பினர்களால் வாதாட முடிந்தது. கைரோஸுக்குச் சொல்லப்பட்ட காரணமோ, அதிகாரிகள் எழுதிய பரிந்துரையோடே பொருந்தவில்லை.