நொட்டாங்கை மிருதங்கம்

பீட்டில்ஸ் பைத்தியங்க யாராவது பக்கத்துல இருந்தா ரிங்கோ ஸ்டார் பேரைச் சொல்லிப் பாருங்க, சாயங்காலம் ஓடிரும். 1940ல லிவர்பூல்ல பிறந்தவர். பிறவியிலயே இடது கைப் பழக்கம். பாட்டி விடலை, வலது கையால எழுதப் பழக்கிட்டாங்க. டிரம்ஸையும் வலது கைக்காரங்களுக்கு அடுக்குற மாதிரியே அடுக்கித்தான் வாசிச்சார். ஆனா உருட்டும்போது இடது கைதான் முந்தும். அந்த உருட்டலை அப்படியே வாசிச்சுக் காட்டுறது கஷ்டம்னு சொல்வாங்க.

இதே கதை எங்க பக்கமும் உண்டு. எங்க பக்கம்னா புதுக்கோட்டை. (ஆவுடையார்கோவில் 1974 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம், அதனால இந்தப் பெருமையில எனக்குப் பாதிப் பங்குதான் :-) ) எங்க ஊர்னா எல்லாரும் கொடுங்கைச் சிற்பத்தையும் லிங்கம் இல்லாத கருவறையையும்தான் எழுதுறாங்க. மாவட்டத்தோட பேர்லயே ஒரு மிருதங்க வழி இருக்கறது பல பேருக்குத் தெரியாது. பஜனையில தட்டிக்கிட்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையில தொடங்குது அது. உடும்புத்தோல் போட்ட அந்தச் சின்ன வாத்தியத்துல கணக்கைக் கொட்டின மனுசன். அவரோட சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா ரெண்டுலயும் ராஜா.

அந்த வழியில வந்தவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவருக்கும் நொட்டாங்கை. அப்பா முத்தையா பிள்ளையே மிருதங்க வித்வான், ஆனாலும் கை மாறலை.

கை மாறினா என்ன பிரச்சினைன்னு கேக்கலாம். மேடையில பாடகருக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். அப்படி உக்காந்தாத்தான் வலந்தலை சபையைப் பாத்து இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்துல உக்காந்தா வலந்தலை பின்பக்கச் சுவரைப் பாக்கும். அப்ப வயலின்காரர் இடம் மாறணும். மாற மாட்டேன்னவங்க உண்டு. அதனாலயே அவருக்குக் கச்சேரி கை நழுவியிருக்கு. வித்தையில குறை சொல்ல முடியாத ஒருத்தரை உக்கார்ற இடத்தைச் சொல்லி ஒதுக்குறது எவ்வளவு அநியாயம்!

செம்பை வைத்தியநாத பாகவதர்தான் வயலினை அந்தப் பக்கம் உக்கார வெச்சு, பிள்ளைவாளை இந்தப் பக்கம் உக்கார வெச்சார். ரிங்கோ கதையில கை வாத்தியத்துக்கு வளைஞ்சுது. இங்க மேடை கைக்கு வளைஞ்சுது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

போன மாசம் அக்கா போன் பண்ணுச்சு. அவ பையனுக்கு ஒன்பது வயசு, மிருதங்கம் சேத்துவிட்டிருக்கா. வாத்தியார், "சோத்துக்கைக்கு மாத்துனாத்தான் சொல்லித் தருவேன்"னுட்டாராம். பையன் ராத்திரி ஒளிஞ்சு பழைய கையாலயே தட்டுறானாம். "மாத்தாதே, வேற வாத்தியார் பாரு"ன்னேன். மாமாவுக்கு என்மேல கோவம்.

பிள்ளைவாள் வாசிப்புல நான் திரும்பத் திரும்பக் கேக்கறது தொப்பிப் பக்கத்துக் கும்கி. மத்தவங்க இடது கையால போடுறதை இவர் வலது கையால போடுறார். சத்தமே போடாது, ஆனா பாட்டு முழுக்க கூடவே ஓடும். அவர் 1962ல காலமானார். ரிங்கோ பீட்டில்ஸ்ல சேந்ததும் அதே வருசம் ஆகஸ்டுலதான். பிள்ளைவாளோட சீடர் திருச்சி சங்கரன் 1971ல டொரன்டோ போய், யார்க் பல்கலைக்கழகத்துல இந்த வாசிப்பைப் பாடமாவே ஆக்கிட்டார். அவருக்குச் சோத்துக்கைதான்.