ஈரப்பனி கொன்ற மாடுகள்: தெற்கு டகோட்டா, அக்டோபர் 2013

1/
2013 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தோட மேற்குப் பகுதியில, ரெண்டே நாள்ல பல்லாயிரம் மாடுகள் செத்துப்போச்சு. அப்ப வெளியூர்க்காரங்க பலர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "பனி வரும்னு தெரியாதா? மாட்டைக் கொட்டகையில கட்டி வைக்க வேண்டியதுதானே?"

இதுக்கான பதில்ல வரலாறும் இருக்கு, உடலியலும் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

2/
முதல்ல பனியைப் பத்தி. நமக்குப் பனின்னா மார்கழிக் காலையில புல் நுனியில நிக்கிற துளி. அங்கே வானத்துல இருந்து கொட்டுற பனியிலயே ரெண்டு வகை உண்டு. கடுங்குளிர்ல விழுறது மாவு மாதிரி உலர்ந்தது, உடம்பை உதறினா உதிர்ந்துடும். 0 டிகிரியை ஒட்டி விழுறது ஈரப்பனி. தண்ணி கலந்தது, பிடிச்சா உருண்டையாகும், பட்ட இடத்துல அப்படியே ஒட்டிக்கும். அதே உயரத்துக்குக் குவிஞ்சாலும் எடை ரெண்டு மூணு மடங்கு.

3/
டகோட்டா விவசாயிகளுக்குப் பனி புதுசில்ல. 1886-87 குளிர்காலத்துல அந்தச் சமவெளி முழுக்க லட்சக்கணக்கான மாடுகள் செத்துச்சு. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் அப்ப அங்கே மாட்டுப் பண்ணை வச்சிருந்தார். அவரோட மந்தையில பாதிக்கு மேல போச்சு.

அடுத்த வருஷமே, 1888 ஜனவரி 12. காலையில இதமா இருந்த வானிலை திடீர்னு மாறி அடிச்ச பனிப்புயல்ல சுமார் 235 பேர் இறந்தாங்க. அதுல பலர் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்குக் கிளம்பின பிள்ளைங்க.

4/
இந்த அடிகள்ல இருந்து அந்த மக்கள் பாடம் படிச்சாங்க. மாட்டைக் காட்டுல விட்டுட்டு வசந்தத்துல போய்த் தேடுற பழக்கம் போச்சு. குளிர்காலத்துக்குக் காய்ந்த புல்லைச் சேமிக்க ஆரம்பிச்சாங்க. கோடைக்கு ஒரு மேய்ச்சல் நிலம், குளிருக்கு ஒரு மேய்ச்சல் நிலம்னு பிரிச்சாங்க. குளிர்கால நிலத்துல பள்ளத்தாக்கும் மர வரிசையும் காத்தைத் தடுக்கும். கொட்டகை மட்டும் கிடையாது. ஆயிரக்கணக்கான ஏக்கர்ல மேயுற நூத்துக்கணக்கான மாடுகளுக்கு யாராலயும் கொட்டகை கட்ட முடியாது.

5/
இப்ப 2013-க்கு வருவோம். புயலுக்குச் சில நாள் முன்னாடி வரை வெயில் 25 டிகிரிக்குப் பக்கம். மாடுகள் இன்னும் கோடை நிலத்துலதான் இருந்துச்சு. திறந்த வெளி, மறைவே இல்லை. வழக்கமா இன்னும் சில வாரம் கழிச்சுதான் இடம் மாத்துவாங்க.

அக்டோபர் 3, முதல்ல மழை. மணிக்கணக்கா குளிர்ந்த மழை. மறுநாள் அது ஈரப்பனியா மாறுச்சு. கூடவே மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்ட காத்து. ராபிட் சிட்டியில சுமார் 2 அடி. பக்கத்து மலையில இருக்கிற லீட் ஊர்ல 4 அடிக்கும் மேல.

6/
இங்கேதான் உடலியல். மாட்டுக்குக் குளிர்கால ரோமம் காலண்டரைப் பார்த்து வளர்றதில்ல. பகல் குறைஞ்சு, குளிர் ஏற ஏற மெல்ல அடர்த்தியாகும். உலர்ந்த, அடர்ந்த ரோமம் இருக்கிற மாடு மைனஸ் 8 டிகிரி வரைக்கும் பெருசா சிரமப்படாது. ரோமம் நனைஞ்சுட்டா? 15 டிகிரியிலயே உடம்பு வெப்பத்தைக் காப்பாத்தக் கூடுதல் சக்தி செலவழிக்க ஆரம்பிச்சுடும்.

ரோமத்துக்கு நடுவுல சிக்கி இருக்கிற காத்துதான் உண்மையான போர்வை. அந்த இடத்துல தண்ணி புகுந்தா போர்வை போயிடும். காத்தை விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். நனைஞ்ச துணியோட மின்விசிறிக்கு அடியில உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு இது புரியும்.

7/
அந்த மாடுகள் சும்மா நிக்கல. காத்துக்கு முதுகைக் காட்டி நடந்துச்சு. பல மைல் நடந்துச்சு. வேலியை மூடின பனிமேட்டு மேலயே ஏறிப் போச்சு. சிலது ஓடையிலயும் குட்டையிலயும் விழுந்து மூழ்குச்சு. சிலது வேலி மூலையில ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து செத்துச்சு. மீதி நடந்து நடந்தே ஓய்ஞ்சுபோச்சு. இறந்த மாடுகளைப் பரிசோதிச்ச கால்நடை மருத்துவர்கள் சொன்னது: உடல்வெப்பக் குறைவு, களைப்பு, நுரையீரல்ல நீர்.

பனி உருகினப்போ யாரோட மாடு எங்கே கிடக்குதுன்னு உடம்புல போட்டிருந்த சூட்டுக்குறியைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. புதைக்கப் பெரிய குழிகள் வெட்டுனாங்க.

8/
மனுஷங்க கதையும் இருக்கு. மரங்கள்ல இலை இன்னும் உதிரல. இலை மேல ஈரப்பனி ஏறி, கிளைகள் ஒடிஞ்சு கம்பி மேல விழுந்துச்சு. மின்கம்பங்கள் வரிசையா சாஞ்சுச்சு. தனித்தனியா இருக்கிற பண்ணை வீட்டுல கரண்ட் போனா, கிணத்து மோட்டாரும் நின்னுடும்.

மருத்துவரா ரெண்டு விஷயம் சொல்லணும். ஈரப்பனியை வாரிக் கொட்டுறது இதயத்துக்குப் பெரிய சுமை: குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், மூச்சை அடக்கித் தூக்குறப்ப ரத்த அழுத்தம் எகிறும். அப்புறம், ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டினா கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே ஆளைக் கொல்லும். இது எந்த நாட்டுப் புயலுக்கும், நம்ம ஊருக்கும் பொருந்தும்.

9/
ஒரு பசு செத்தா நஷ்டம் ஒண்ணு இல்ல. கூட இருந்த கன்னு அந்த மாசமே விலைக்குப் போக வேண்டியது. வயித்துல இருந்தது அடுத்த வருஷ வருமானம். அந்தப் பசுவோட பரம்பரையைத் தாத்தா காலத்துல இருந்து தேர்ந்தெடுத்து வளர்த்திருப்பாங்க. அதை எந்தச் சந்தையிலயும் வாங்க முடியாது.

10/
சரி, அரசாங்கம் எங்கே? அக்டோபர் 1-ல இருந்து 16 வரைக்கும் பட்ஜெட் சண்டையில மத்திய அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்துச்சு. விவசாய அலுவலகத்துக்குப் போன் பண்ணா எடுக்க ஆளில்ல. கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011-லயே காலாவதி. நாட்டோட செய்தி முழுக்க வாஷிங்டன் சண்டைதான். இந்தச் சாவு ஓரமாத்தான் வந்துச்சு.

முதல்ல வந்தது மத்த மாநில விவசாயிகள். தங்கள் மந்தையில இருந்து கிடாரிகளை லாரியில ஏத்தி அனுப்புனாங்க. 2014 பிப்ரவரியில புதுச் சட்டம் வந்த பிறகுதான் முன்தேதியிட்டு இழப்பீடு கிடைச்சுது, சந்தை விலையில 75 சதவீதம்.

11/
இப்ப முதல் கேள்விக்கு வருவோம். இறப்புச் சான்றிதழ்ல நாங்க காரணத்தை அடுக்கடுக்கா எழுதுவோம். உடனடிக் காரணம், அதுக்கு முந்தின காரணம், அடிப்படைக் காரணம். இந்த மாடுகளுக்கு எழுதினா: நுரையீரல்ல நீர். அதுக்கு முன்னாடி உடல்வெப்பக் குறைவு. அடிப்படை, அக்டோபர் மழைக்கு மேல விழுந்த ஈரப்பனி. "உரிமையாளர் அலட்சியம்"னு எழுத இதுல எந்த வரியிலயும் இடமில்ல.

1887-ல தப்பிக்கக் கத்துக்கிட்டது உலர்ந்த குளிர்கிட்ட இருந்து. அந்தப் பாடம் தப்பில்ல. வந்த எதிரி வேற, வந்த மாசமும் வேற.

12/
ஒரு கிராமத்துல பெரிய இழப்பு நடந்தா, "ஏன் இப்படிப் பண்ணல?"னு கேக்குறதுக்கு முன்னாடி "அங்கே என்ன நடந்துச்சு?"னு கேளுங்க. ரெண்டாவது கேள்வியிலதான் அடுத்த தடவை உயிரைக் காப்பாத்தற பதில் கிடைக்கும்.