யாரும் எடுக்காத ஏழு மில்லியன்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

1935 ஒக்டோபர் 23, இரவு பத்து மணி கடந்த நேரம். அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் நெவார்க் என்ற நகரம். அங்குள்ள பேலஸ் சொப்ஹவுஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்குள் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்து நான்கு பேரைச் சுட்டார்கள். நான்கு பேரும் பிழைக்கவில்லை. அவர்களில் தலைவன் டச் ஷுல்ட்ஸ். சொந்தப் பெயர் ஆர்தர் பிளெகன்ஹைமர், வயது 34. மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தான். சாகும் முன்பு கடும் காய்ச்சலில் மணிக்கணக்காகப் பிதற்றினான். பக்கத்தில் பொலிஸ் சுருக்கெழுத்தாளர் ஒருவர் உட்கார்ந்து அத்தனையையும் எழுதினார். யார் சுட்டது என்று வாய் தவறியாவது சொல்லிவிடுவான் என்பது பொலிஸாரின் எண்ணம். அவன் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றியும், பீன்ஸ் சூப்பைப் பற்றியும், தொடர்பில்லாத இன்னும் பலதையும் உளறிவிட்டுப் போய்விட்டான்.

அந்த உளறலைத்தான் இன்றுவரை ஒரு கூட்டம் புதையலுக்கான விடுகதையாக வாசித்துக்கொண்டிருக்கிறது.

கதை இதுதான். சிறைக்குப் போக நேரும் என்று பயந்த ஷுல்ட்ஸ், தண்ணீர் புகாத இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்வித்தானாம். ஏழு மில்லியன் டொலர் பெறுமதியான காசையும் கடன் பத்திரங்களையும் அதற்குள் அடைத்தானாம். தன் மெய்க்காவலன் லூலு ரோசன்கிராண்ட்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு நியூயோர்க்குக்கு வடக்கேயுள்ள கட்ஸ்கில் மலைக்குப் போய், பினீஷியா என்ற சிற்றூரின் பக்கம் எங்கோ புதைத்துவிட்டு வந்தானாம். இடம் தெரிந்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேரும் அதே கடையில் சுடப்பட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த ஊரின் எசோபஸ் ஆற்றங்கரையைத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். 2001இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. ஒரு டொலர் கிடைக்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், தரம் 9 பிள்ளைகளுக்கு "பாதாள உலகப் புதையல்" என்று ஒரு தேடல் விளையாட்டு வைக்கப் போகிறோம். அறிவித்தல் போன உடனேயே இரண்டு பெற்றோர் கதைத்தார்கள். "சேர், இருக்கிற காலத்தில் பிள்ளைகளுக்கு ரவுடிகளைக் காட்டப் போறீங்களா?" நியாயமான கேள்வி. டிக்டொக்கில் பாதாள உலகத் தலைவர்களின் படத்துக்குப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிற பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் ஷுல்ட்ஸைத் தெரிவு செய்தேன். அவனுடைய பெட்டியைத் தேடுகிற பிள்ளை, அதற்குள் இருந்தது யாருடைய காசு என்றும் கேட்கவேண்டி வரும்.

யாருடைய காசு? தொடக்கம் கள்ள பியர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அந்தக் காலத்தில் பிரோங்ஸ் பகுதியில் பியர் விற்றுத்தான் அவன் தலையெடுத்தான். மதுவிலக்கு முடியப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். நியூயோர்க்கின் ஹார்லெம், கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அங்கே "நம்பர்ஸ்" என்று ஒரு சூது நடந்தது. 000 முதல் 999 வரை ஏதாவது ஓர் எண்ணில் சில சதங்களைக் கட்டலாம். விழுந்தால் 600 மடங்கு.

இங்கே கணித ஆசிரியரின் வேலையை நான் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். எண்கள் ஆயிரம். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு சதமாக வெவ்வேறு எண்ணில் கட்டினால் சேருவது 1000 சதம், வெல்பவருக்குப் போவது 600 சதம். மீதி 400 நடத்துகிறவனின் பைக்கு. அதாவது ஒரு களவும் செய்யாமலே நூற்றுக்கு நாற்பது. அதுவும் அவனுக்குப் போதவில்லை. வெற்றி எண் குதிரைப் பந்தயத் திடலின் பந்தயத் தொகைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அது பத்திரிகையில் வருகிற கணக்கு, யாராலும் மாற்ற முடியாது என்று சனம் நம்பியது. ஷுல்ட்ஸிடம் ஓட்டோ பெர்மன் என்று ஒரு கணக்குப் புலி இருந்தான். திடலில் கடைசி நிமிடத்தில் எவ்வளவு பணத்தைக் கட்டினால் தொகையின் இலக்கம் மாறும் என்று மனதாலேயே கணிப்பான். அதிகம் பேர் கட்டியிருந்த எண் விழாமல் பார்த்துக்கொள்வான். அந்த மூளை ஒரு வகுப்பறையில் இருந்திருக்கலாம். பேலஸ் சொப்ஹவுஸில் செத்த நால்வரில் அவனும் ஒருவன்.

ஹார்லெமில் இந்தத் தொழிலை முன்பு நடத்தியவர்களை ஷுல்ட்ஸ் அடித்தும் மிரட்டியும் பணிய வைத்தான். கடைசிவரை முரண்டு பிடித்தவர்களில் ஒருவர் ஸ்டெபனி சென்ட் கிளேர் என்ற கறுப்பினப் பெண். அவரும் சூது நடத்தியவர்தான், தியாகி என்று நான் சொல்லவில்லை. ஷுல்ட்ஸ் சாகக் கிடந்தபோது, விதைத்ததையே அறுக்கிறாய் என்ற கருத்தில் ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு தந்தி அனுப்பினார் என்பார்கள். எனக்குப் பிடித்த தந்தி.

இனி அந்த ஏழு மில்லியனுக்கு வருவோம். நான் நம்பவில்லை. முதலாவது, தொகை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் ஐந்து என்கிறார், இன்னொருவர் ஒன்பது. எண்ணி வைத்த காசு இப்படிக் கூடிக் குறையாது. இரண்டாவது, 1931இல் அல் கபோனை வருமான வரி வழக்கில் பதினொரு வருடம் உள்ளே போட்டார்கள். அதே வலையை ஷுல்ட்ஸுக்கும் விரித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் ஒளிந்திருந்து 1934 இன் இறுதியில் சரணடைந்தான். 1935இல் இரண்டு தடவை விளக்கம் நடந்தது. முதல் தடவை ஜூரிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. இரண்டாவது மலோன் என்ற சிறிய ஊரில். அங்கே போய் ஊர்ச் சனத்துக்குச் செலவழித்து, நோயாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்து நல்ல பெயர் வாங்கினான். விடுதலையும் ஆனான். இதற்கெல்லாம் காசு வேண்டாமா? வழக்குச் செலவுக்காக ஹார்லெமில் தனக்கு வேலை செய்தவர்களின் பங்கைக் குறைக்கப் போய், அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஏழு மில்லியனை மலையில் வைத்திருப்பவன் சில்லறைக்காகத் தன் ஆட்களோடு சண்டை பிடிப்பானா? பிடிக்கலாம், உலோபி என்று பெயர் எடுத்தவன்தான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் அவனைக் கொன்றது பொலிஸ் அல்ல. தன்னைத் துரத்திய சட்டத்தரணி தோமஸ் டூவியைக் கொல்லவேண்டும் என்று நின்றான். அரச சட்டத்தரணியைக் கொன்றால் எல்லோருடைய கழுத்துக்கும் கயிறு வரும் என்று கணக்குப் போட்ட கூட்டாளிகள் அவனையே முடித்துவிட்டார்கள்.

கபோனின் பெயரிலும் ஒரு புதையல் கதை உண்டு. 1986 ஏப்ரல் 21, சிக்காகோவில் அவன் இருந்த லெக்சிங்டன் ஹொட்டலின் மூடிய அறை ஒன்றை ரீ.வி.யில் நேரடியாக உடைத்தார்கள். கோடிக்கணக்கானோர் இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபோன் கட்டாத வரியை அறவிட வருமான வரிக்காரரும் வந்திருந்தார்கள்! உள்ளே மண்ணும் வெறும் போத்தலும்தான்.

பெட்டி தேடும் விளையாட்டு இந்த வெறியிலிருந்து பிறந்ததல்ல. 1983இல் கொரிய விமானமொன்று வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகே ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களுக்கும் தருவதாக ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். தந்தார்கள், ஆனால் வேண்டுமென்றே பிசகாக்கி. நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அந்தப் பிசகை நீக்கினார். உடனேயே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்கை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், கொஞ்சம் காசு, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ், ஒரு குறிப்புப் புத்தகம். நிபந்தனை: ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, பெயரை எழுது. சில நாட்களிலேயே ஆட்கள் தேடிப் பிடித்துவிட்டார்கள். அந்த மாதமே ஜியோகேஷிங் என்ற பெயரும் வந்தது.

இதில் ஒரு வகை, விடுகதைப் பெட்டி. போட்டிருக்கும் இடம் சரியான இடமல்ல, கேள்விகளுக்கு விடை கண்டால்தான் உண்மையான இலக்கம் வரும். எங்கள் விளையாட்டும் இந்த வகைதான். சொப்ஹவுஸில் இறந்தோர் எத்தனை, கபோனுக்கு எத்தனை வருடம், ஆயிரத்தில் நடத்துகிறவனுக்கு மிஞ்சியது எத்தனை சதம். விடைகளை அகலாங்கின் தசமப் புள்ளிக்குப் பின்னால் போடவேண்டும். அகலாங்கின் ஒரு கலை 1852 மீற்றர். அதனால் முதலாம் தசமத்தில் ஒன்று பிழைத்தால் 185 மீற்றர் தள்ளிப் போய் யாருடைய தோட்டத்திலாவது நிற்பார்கள். மூன்றாம் தசமம் பிழைத்தால் இரண்டு மீற்றருக்கும் குறைவு. பூகோளமும் கணிதமும் வரலாறும் ஒரே வெயிலில்.

மண்வெட்டி கொண்டுவர வேண்டாம். ஜியோகேஷிங்கில் பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது விதி. நம் நாட்டில் புதையல் தோண்டப் போனவர்கள் பழைய சின்னங்களை உடைத்துக் கைதாகும் செய்தி அடிக்கடி வருவதால், இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறேன். கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்கவேண்டும், ரிகாஸுக்கு ஐந்தில் ஒன்று என்ற மார்க்கச் சட்டங்களை இஸ்லாம் பாட ஆசிரியர் தனியாக விளக்குவார்.

மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தப் பதிவிலேயே இருக்கிறது. தயவுசெய்து யாரும் கொமெண்டில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.