சோழமண்டலக் கரையில் சன்னல் மறைப்புகள்

மின்விசிறியும் குளிர்சாதனமும் வருவதற்கு முந்தைய காலத்தில், சோழமண்டலக் கரையின் வீடுகளில் சன்னலை எதைக் கொண்டு மறைப்பது என்பதைக் காற்றின் திசையும் பொழுதுமே பெரிதும் தீர்மானித்தன. கோடையின் முற்பகலில் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று அனலாக வீசுவதும், பிற்பகலில் ஈரம் சுமந்த கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைவதும் இக்கரையின் இயல்பாதலால், ஒரே வீட்டின் இரு பக்கங்களுக்கும் இருவேறு மறைப்புகள் தேவைப்பட்டன.

நிலக்காற்றுக்கு ஏற்றது வெட்டிவேர்த் தட்டி. மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரைப் பரப்பிக் கட்டி, வாசலிலோ சன்னலிலோ நிறுத்தி, அதன்மீது இடைவிடாமல் நீர் தெளித்துவந்தால், ஊடே புகும் வெப்பக்காற்று அந்நீரை ஆவியாக்குவதில் தன் வெப்பத்தை இழந்து, குளிர்ந்து, வேரின் மணத்தோடு உள்ளே வரும். அக்பர் கால வழக்கங்களைப் பதிவுசெய்த அபுல் பசல் இத்தகைய வேர்த் தட்டிகளைத் தம் ஆயின்-இ-அக்பரியில் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் ஆங்கிலேயர் இல்லங்களிலும் இவை கோடையின் இன்றியமையாப் பொருளாயின. நீர் தெளிப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர் என்பதையும், வெயிலில் நின்ற அவர்களது உழைப்பாலேயே உள்ளிருந்தோர்க்குக் குளிர்ச்சி வாய்த்தது என்பதையும் வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது. கடற்காற்று எழுந்தபின் தட்டியால் பெரும்பயன் இல்லை. ஏற்கெனவே ஈரம் மிகுந்த காற்று மேலும் நீரை எளிதில் ஏற்பதில்லை.

அவ்வேளைக்கு உதவியது சாய்பலகைக் கதவு, அதாவது மெல்லிய மரப்பட்டிகளைச் சட்டத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாய்த்துப் பொருத்திய சன்னல் கதவு. பட்டிகளின் சாய்வு நேர்வெயிலையும் சாரலையும் தடுக்கும். இடைவெளி காற்றை விடும். உள்ளிருப்பவர் தெருவைக் காணலாமேயன்றித் தெருவில் செல்பவர் உள்ளே காண்பது அரிது. சிலவற்றில் பட்டிகள் அசையாதவை. வேறு சிலவற்றிலோ எல்லாப் பட்டிகளையும் இணைக்கும் ஒரு செங்குத்துக் குச்சியை ஏற்றியிறக்கிச் சாய்வை வேண்டியவாறு மாற்றலாம். 1761இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டு, 1765 முதல் மீண்டும் எழுப்பப்பட்ட புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் பகுதியோடு இது நின்றுவிடவில்லை. தமிழர் தெருக்களில் கீழ்த்தளத்தில் திண்ணையும் தாழ்வாரமும், மேல்தளத்தில் சாய்பலகைச் சன்னல்களும் அமைந்த வீடுகள் தோன்றின. அவற்றின் முகப்பழகைப் புகழ்வோர் பலர். காற்றை ஆளும் அவற்றின் அறிவே அதனினும் பாராட்டத்தக்கது. திண்ணை ஓரத்தில் மூங்கில் தட்டியைச் சுருட்டித் தொங்கவிட்டு, வெயில் ஏறும்போது இறக்கிக்கொள்ளும் எளிய வழக்கமும் இவற்றோடு தொடர்ந்தது.

கண்ணாடிச் சன்னல் பரவியபோது இந்த முறை தடம் மாறியது. இங்கிலாந்தில் 1769இலேயே காப்புரிமை பெறப்பட்ட வெனிஸ் திரை, கண்ணாடிக்கு உட்புறம் தொங்குவது. வெயிலை விரும்பி ஏற்கும் குளிர்நாட்டுக்கு அது பொருத்தமானதே. ஆனால் வெப்பநாட்டில் கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலை உட்புறத் திரை தடுத்தாலும், அதன் வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திய பழைய மறைப்பை விட்டு, உள்ளே வந்ததை மறைக்கும் மறைப்புக்கு மாறியது இக்கரையின் வீடுகளுக்கு நேர்ந்த உண்மையான இழப்பாகும்.

அந்தப் பழைய அறிவைப் புதிய பொருளில் மீட்ட கட்டடம் ஒன்றும் புதுச்சேரியிலேயே உள்ளது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் ஜார்ஜ் நகஷிமா உள்ளிட்டோர் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியில், நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைய, வழக்கமான கண்ணாடிச் சன்னல்களுக்கு மாற்றாக முகப்பு முழுவதும் கிடைமட்டச் சாய்பலகைகள் பொருத்தப்பட்டன. இவற்றைக் கையால் திறந்து மூடலாம். அறைகளுக்கும் நடைக்கும் இடையே தேக்குப் பட்டிகளாலான நகரும் கதவுகள் நிற்பதால், கதவைச் சாத்திய நிலையிலும் காற்று ஒரு முகப்பிலிருந்து மறு முகப்புக்குச் செல்கிறது.