க்ளே பார்: களிமண்ணே இல்லாத ஒரு களிமண் கட்டியின் கதை



காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய ஷொப்பிங் பேக் ஒன்றுக்குள் கையை விட்டு பொனட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் பெயின்ட், விரலுக்கு மணல் ஒட்டியது போலச் சொரசொரக்கும். வெறும் கையில் தெரியாததைப் பொலித்தீன் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தச் சொரசொரப்பைக் கண்டதும் நம்மில் பலர் ஓடுவது 'கட் அன்ட் பொலிஷ்' செய்யத்தான். சிலர் முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கவே தீர்மானித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கார் பெயின்டின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசுவது போலத் தூரிகையால்தான் வார்னிஷ் பூசினார்கள். பூச்சுக்கு மேல் பூச்சு காய்ந்து முடிய வாரக்கணக்காகும். ஃபோர்ட் கம்பனியின் மொடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. நிலக்கீல் சேர்ந்த கறுப்பு எனாமல் மலிவானது, உறுதியானது. 1920களின் நடுப்பகுதியில் டூபொன்ட் கம்பனியும் ஜெனரல் மோட்டர்ஸும் 'டூகோ' என்ற நைட்ரோசெலுலோஸ் லக்கரைக் கொண்டுவந்தன. 1924 மொடல் ஓக்லண்ட் கார் அந்த நீலத்தில் வந்தபோதுதான், சீக்கிரம் காயும் நிறப் பெயின்டின் காலம் பிறந்தது. ஆனால் லக்கர் வெயிலில் மங்கும். மங்கிய மேல்தோலைக் கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுப்பார்கள். பெயின்ட் தடிப்பாக இருந்ததால் அது தாங்கியது. 'தேய்த்தால் பளபளக்கும்' என்ற நம் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம்.

1980களில் நிலைமை மாறியது. நிறப் பூச்சுக்கு மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' பூசும் முறை பரவியது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பான் கார்களில் பெரும்பாலானவற்றின் பளபளப்பு அந்தக் கிளியர் கோட்டுடையதுதான். அதன் தடிப்பு சுமார் 35 முதல் 50 மைக்ரோன். நம் தலைமுடி ஒன்றே பெரும்பாலும் அதைவிடத் தடிப்பம். ஒவ்வொரு முறை கட் செய்யும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது.

இதே காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் கிளம்பும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பெயின்டில் குத்தி நின்று துருப்பிடித்தன. கராஜில் ஒரு காருக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பக்கத்துக் காரின் மேல் தூவானம் படிந்தது. கழுவினால் இவை போகாது. தேய்த்தாலோ துகளோடு பெயின்டும் போகும்.

இதற்கு வழி கண்டது ஜப்பான். பிசைந்தால் வளையும் ஒரு பொருளுக்குள் மிக நுண்ணிய தேய்ப்புத் தூளைக் கலந்து கட்டியாக்கினார்கள். 1995 டிசெம்பரில் தடாவோ கொடாதே என்பவரின் பெயரில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதில் இதன் பெயர் 'வளையும் சாணைக்கல்' என்ற பொருளில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது பொலிபியூட்டீன் என்ற செயற்கைப் பொருள். களிமண் போலப் பிசைய வருவதால் 'க்ளே' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே பிள்ளைகளின் விளையாட்டுக் களியை எடுத்துக் காரில் தேய்த்துவிடாதீர்கள்!

வேலை செய்யும் விதம் எளிது. பெயின்டின் மேல் வழுக்கும் திரவம் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். க்ளே அதன் மேல் சறுக்கிப் போகும். படலத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் துகளை மட்டும் பிடித்து இழுத்துவிடும். திரவம் குறைந்தால் க்ளே பெயின்டிலேயே உரசும்.

வாங்கும்போது 'ஃபைன்' வகையையே முதலில் வாங்குங்கள். கடுமையான வகை ஸ்ப்ரே தூவானத்துக்கும் பல வருடம் கவனிக்காத காருக்கும் உரியது. அது லேசான கீறல் விடும், பிறகு பொலிஷ் தேவைப்படும். காரைக் கழுவி நிழலில் நிறுத்தி, பொனட் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். அழுத்தாமல், வட்டமாகச் சுற்றாமல், நேர்கோட்டில் தடவுங்கள். கட்டி கறுத்ததும் மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை எடுங்கள். முடிந்ததும் கட்டாயம் வெக்ஸ் பூசுங்கள், ஏனென்றால் பழைய வெக்ஸையும் க்ளே எடுத்துவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தேவையில்லை.

கீழே விழுந்த கட்டி குப்பைக்குத்தான். நாங்கள் இதைக் காசு கொடுத்துப் படித்தோம். பெருநாளைக்கு முந்திய நாள் காக்காவின் காரைத் துடைக்கும்போது கட்டி மணலில் விழுந்தது. 'புதுக் கட்டி, வீணாக்குவதா' என்று தண்ணீரில் அலசிவிட்டுத் தொடர்ந்தோம். மறுநாள் தொழுகை முடிந்து வெயிலில் பார்த்தால் பொனட் முழுக்கக் கோடுகள். காக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

க்ளே எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கீறலையும் வெயிலில் வெளுத்த பெயின்டையும் அது சரிசெய்யாது. மேட் பெயின்டில் தொடவே கூடாது. புதிதாகப் பெயின்ட் அடித்த காரென்றால் பெயின்டர் சொல்லும் நாள்வரை பொறுங்கள். நம் கரையோர ஊர்களின் உப்புக் காற்றுக்கும் க்ளே வேண்டியதில்லை. உப்பு தண்ணீரில் கரையும், அடிக்கடி கழுவினால் போதும். தார்ப் புள்ளிக்குத் தனி மருந்து உண்டு.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு வரும் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. இருக்கிற காரைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம். விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று 'ஒரிஜினல் பெயின்டா?' என்பது. அந்தப் பெயின்டை நாமே தேய்த்துத் தொலைப்பதும் வீண்விரயம்தான்.

அடுத்த முறை யாராவது 'கட் பண்ணுவோம்' என்றால், முதலில் ஷொப்பிங் பேக்கை எடுத்துத் தடவிப் பாருங்கள். பயனுள்ளதென்று கண்டால், கார் வைத்திருக்கும் உறவினருக்கும் சொல்லிவிடுங்கள்.