அவசரகாலம் என்னும் சொல்



போரினாற் சிதைந்த ஐரோப்பாவிலே குழந்தைகள் பசியால் வாடிய காலம். 1946 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆந் திகதி, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சர்வதேச சிறுவர் அவசரகால நிதியைத் தோற்றுவித்தது. நாம் யுனிசெப் என்றழைப்பது இதனையே. கொழுப்பு நீக்கிய பால்மாவைக் குழந்தைகளுக்கு வழங்குவது அதன் முதற்பணிகளுள் ஒன்று.

நான்கு ஆண்டுகள் சென்றன. ஐரோப்பாவின் வயல்கள் மீண்டும் விளைந்தன. அவசரகாலம் முடிந்தமையால் நிதியையும் முடித்துவிடலாம் என 1950 இல் ஐக்கிய அமெரிக்கா கருதியது. அப்பொழுது பாகிஸ்தான் பிரதிநிதி பேராசிரியர் அகமது ஷா புகாரி எழுந்தார். ஐரோப்பியக் குழந்தைக்குப் போர் தந்த நிலை, ஆசியக் குழந்தைக்கு என்றுமுள்ள நிலை என்னும் பொருள்பட வாதாடினார். சபை மேலும் மூன்றாண்டுத் தவணை கொடுத்தது. 1953 இல் நிதி நிலையானதாயிற்று. அதன் பெயரிலிருந்து ‘அவசரகாலம்’ என்ற சொல்லும் நீக்கப்பட்டது.

சொல் நீங்கிற்று, கொடுப்போர் எண்ணம் நீங்கவில்லை. இத்தகைய உதவி இன்றும் மனமுவந்து தரும் கொடையே, விரும்பியபோது நிறுத்தலாம். 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. சூலை 1 ஆந் திகதி அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் மூடப்பட்டது. பிரித்தானியாவும் தேசிய வருமானத்தில் 0.5 வீதமாயிருந்த உதவியை 2027 இல் 0.3 வீதமாகக் குறைக்கத் தீர்மானித்தது.

இதன் பாரம் எங்கே விழுகின்றது? நிலக்கடலையும் பால்மாவும் எண்ணெயும் சீனியும் உயிர்ச்சத்துகளும் சேர்ந்த பசையொன்றை, 1990களில் பிரான்சிய வைத்தியர் அந்திரே பிரியோன் முதலானோர் ஆக்கினர். 92 கிராம் பொட்டலமொன்று ஏறத்தாழ 500 கலோரி தரும். நீரும் வேண்டா, நெருப்பும் வேண்டா. சாகுந் தறுவாயிலுள்ள குழந்தையும் சில வாரங்களில் தேறும். ஆனால் அது இடையறாது கிடைத்தல் வேண்டும். வடகிழக்கு நைஜீரியாவில் 150 க்கு மேற்பட்ட போஷாக்கு நிலையங்களை மூட நேர்வதாக உலக உணவுத் திட்டம் 2025 சூலையில் அறிவித்தது. அங்கே பாதியில் நின்றது குழந்தையின் மருந்து.

பிறர் உதவி என்றென்றும் தொடரவேண்டும் என்பது என் கருத்தன்று. நம் நாட்டுத் திரிபோஷா 1973 இல் ஆரம்பித்தபோது அமெரிக்கா அளித்த உணவும் அதிற் கலந்திருந்தது. பின்னர் படிப்படியாக உள்நாட்டுச் சோளமும் சோயாவும் அதன் இடத்தைப் பெற்றன. பொறுப்பை அரசாங்கம் ஏற்றது. ஏற்கும் கை ஆயத்தமான பின்னரே கொடுத்த கை விலகியது. இந்த ஒழுங்கை மறந்து செய்யும் சிக்கனத்தின் விலையைக் கொடுப்பவர்கள், வரவு செலவுக் கணக்கை வாசிக்க அறியாத பாலகர்களே.