புறக்கணிப்பு காத்த அரங்கு

அரசவைக் கலைகளின் வரலாற்றைப் புரவலர்களின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். ஸ்டாக்ஹோமை அடுத்த ட்ரொட்னிங்ஹோம் அரண்மனை வளாகத்திலுள்ள நாடக அரங்கு அப்பழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

முந்தைய அரங்கு 1762இல் தீக்கிரையானபின், அரசி லோவிசா உல்ரிகாவுக்காக 1766இல் இதனைக் கட்டியவர் கார்ல் ஃபிரெட்ரிக் அடெல்கிரான்ஸ். செலவு சுருக்கப்பட்டதால், பளிங்காகத் தோன்றுவது வண்ணம் தீட்டிய மரம்; அலங்காரங்கள் பல காகிதக்கூழ்.

1777இல் அரங்கு அரசியின் மகன் மூன்றாம் குஸ்தாவிடம் வந்தது. அவர் தாமே நாடகம் எழுதியவர். ஸ்வீடிய மொழி ஓபராவை வளர்த்தவர். 1792இல் தலைநகரின் ஓபரா மாளிகையில், முகமூடி விருந்தொன்றில் சுடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். அதன்பின் அரங்கு கவனிப்பாரற்றுப் பொருள்கிடங்காயிற்று.

1921இல் ஓர் ஓவியத்தைத் தேடி உள்ளே சென்ற ஆய்வாளர் ஆக்னே பெய்யர், பதினெட்டாம் நூற்றாண்டு மேடையையே கண்டார். பார்வையாளர் கண்முன்னே காட்சியை மாற்றும் மரச்சுழலி, அலைகாட்டும் உருளைகள், கற்கள் உருண்டு முழங்கும் இடிப்பெட்டி, தீட்டிய திரைகள் யாவும் எஞ்சியிருந்தன. மறு ஆண்டே அரங்கில் மீண்டும் நிகழ்ச்சி நடந்தது.

தொடர்ந்து பயன்பட்ட அரங்குகள் வாயுவிளக்கு, மின்விளக்கு, மாறும் ரசனை என ஒவ்வொன்றுக்கும் இடம்கொடுத்துத் தம் பழைய பொறிகளை இழந்தன. இங்கே மாற்றுவதற்குக்கூட எவரும் முனையவில்லை. ஆயினும் புறக்கணிப்பு பொருளை மட்டுமே காத்தது. அதனைச் சான்றாக்கியது, கிடங்கில் மேடையை இனங்கண்ட ஒருவரின் பயிற்சி. ஓபராவின் பனுவலும் இசைக்குறிப்பும் நூலகங்களில் கிடைக்கும். காட்சி மாறிய வேகத்தையும் ஓசையையும் அறிய இத்தகைய மேடையே வேண்டும்.